கை என்னுடையது

"இறுக்கிப் புடிக்காத" என்கிறார், மூன்றாவது தடவை. நான் இறுக்கவில்லை, கைதான் இறுக்குகிறது. கம்ப்யூட்டரில் கடலுக்கு மேலே விமானம் இடது பக்கம் சரிகிறது, நான் ஜாய்ஸ்டிக் குச்சியை வலது பக்கம் தள்ளுகிறேன், அதற்குள் காற்றே அதை நிமிர்த்திவிடுகிறது, நான் தள்ளினதும் காற்று தள்ளினதும் சேர்ந்து விமானம் வலது பக்கம் போய் விழுகிறது, பயந்துபோய் இடது பக்கம் இழுக்கிறேன், இப்படி இழுத்து இழுத்து ஆட்டத்தைப் பெரிசாக்குகிறவளே நான்தான் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "காத்து ஆட்டுறது கொஞ்சம்தான். மீதிய நீ ஆட்டுற." ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு வார்த்தைதான் வருகிறது அவருக்கு. அடுத்த மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் நான் ஒரு தப்பைச் செய்து முடித்திருப்பேன். நாங்கள் இருப்பது பம்மலில் ஒரு மாடி போர்ஷன். ஜன்னலுக்கு வெளியே கொடியில் எங்கள் பெண் தன்ஷிகாவின் பாவாடை அசையாமல் தொங்குகிறது. மேசைமேல் டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. என் பிளாஸ்டிக் சேர் அசையவில்லை. பக்கத்தில் சக்கர நாற்காலியில், கழுத்துக்குத் தலையணை கொடுத்து நான் உட்கார வைத்திருக்கிற அவரால் அசையவே முடியாது. ஆடுவது திரைக்குள் இருக்கிற அந்த ஒன்றுதான், அதற்கே என் இடது கை சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறது. நான் நிஜ விமானத்தில் ஏறினதில்லை. அவரும் ஏறினதில்லை, மூட்டைதான் ஏற்றியிருக்கிறார், மீனம்பாக்கத்தில் ஒன்பது வருஷம். போர்ட் பிளேர் போகிற விமானம் என்றால் வயிற்றுக்குள் கொத்தமல்லிக் கட்டும் முருங்கைக்காயும் போகும், உள்ளே குனிந்து அடுக்கும்போது சமையல்கட்டில் நிற்கிற மாதிரி வாசனை அடிக்கும் என்பார். அதனாலோ என்னமோ வாரத்தில் நான்கு நாள் எங்களுக்குப் போர்ட் பிளேர்தான். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், நிஜத்தில் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு, வானமும் நிஜமாக இந்த நேரத்தில் அங்கே என்ன வானமோ அதுவேதான், எங்கேயிருந்தோ நெட்டில் இறக்கிக்கொள்கிறது. அப்படியென்றால் நிஜமாகவே அந்தக் கடல்மேல் இப்போது இந்தக் காற்று அடிக்கிறது, நிஜமாகவே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தால் அதில் ஒருத்தி என்னை மாதிரியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மூக்கப் பாரு. ஒசரத்தப் பாக்காத." பார்க்காமல் எப்படி. முப்பத்தையாயிரம் அடி என்று நிற்க வேண்டிய எண் ஏறுகிறது, இறங்குகிறது, இருநூறு கூட, முந்நூறு குறைய. ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும், மூக்கை மட்டும் நேராக வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிட்டுச் சும்மா இரு என்பதுதான் முதல் நாளிலிருந்து அவர் சொல்லிக்கொடுப்பது. பால் பொங்கி மேலே வரும்போது அடுப்பில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டு நில் என்று சொல்வது போலிருக்கிறது எனக்கு. "வேகம்." வாயின் ஓரத்தில் எச்சில் வழிகிறது, இடது கையால் துடைத்துவிட்டு அதே கையால் நீளவாக்குக் கம்பியைப் பின்னால் இழுக்கிறேன். இருநூற்று எழுபத்தைந்து. "ம்" என்றார். அந்த ஒரு ம்-முக்காகத்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். கீபோர்டில் எது எதற்கு என்று நினைவில் நிற்காமல் என் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டி வைத்திருக்கிறேன், சக்கரத்துக்குச் சிவப்பு, இறக்கை மடிப்புக்குப் பச்சை, விளக்குக்குக் குட்டிக் கறுப்பு. அதைப் பார்த்த அன்றைக்கு அவருக்குக் குரல் நன்றாக இருந்தது. "இன்னாமே இது, ஏரோப்ளேனுக்கு நலங்கு வெச்சிட்டியா" என்று சிரித்தார். பெண் பார்க்க வந்தபோது ஏர்போர்ட்டில் வேலை என்று சொன்னதை வைத்து செய்யாறு பக்கத்தில் எங்கள் ஊரே இவர் ஏரோப்ளேன் ஓட்டுகிறவர் என்று பேசிக்கொண்டது, என் சித்தி மட்டும் "ஓட்றவன் எதுக்குடி எட்டாவது படிச்சவள கட்டிக்கப் போறான்" என்றாள்.

திரையின் மூலையில் மணி மூன்று இருபத்தாறு. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கும்போதே பார்த்துவிட்டேன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். போன் டம்ளருக்குப் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறது. குப்புறப் போட்டால் வராமல் போய்விடுமா. செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் இவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, ரொம்ப மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலச் சொன்னார். மூச்சு விடுகிற தசையும் போய்க்கொண்டிருக்கிறது லோகநாதன், மூக்கில் மாட்டுகிற மெஷின் இன்னும் சில வாரம்தான் தாங்கும், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்துப் பெரிய மெஷினில் இணைத்தால் வீட்டிலேயே வருஷக்கணக்கில் இருக்கலாம், ஆனால் அதற்கப்புறம் பேச முடியாது, மெஷினை எடுக்கவும் முடியாது, உங்களுக்குச் சம்மதமா. இவர் மூச்சை வாங்கிக்கொண்டு "வேணாம் சார், உட்ருங்க" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். எனக்குத் தெளிவு. டாக்டருக்கு அது கொழகொழ என்று ஒரு சத்தம். கழுத்து நிற்காததால் தலையை ஆட்டிக் காட்டவும் இவரால் முடியாது. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கூட இருந்த சின்ன டாக்டர்கள் நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். இப்போதெல்லாம் இவர் பேசி முடித்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், பால்காரர், இவருடைய அக்கா, பெற்ற அம்மாவே என்னைத்தான் பார்க்கிறாள், என்ன சொல்றான் என்று. பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்று சொல்லக்கூட எனக்குக் குரல் வராது, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டு சார் அடுத்த பேருக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவள் ஒரு ஆம்பிளையின் வாயாக இருக்கிறேன். அன்றைக்கு அத்தனை கண்ணும் பார்க்கும்போது என் வாயிலிருந்து வந்தது, "யோசிச்சுச் சொல்றாராம் சார்." யார் சொன்னார்கள் அப்படி. நானாக யோசித்தும் சொல்லவில்லை, எச்சில் விழுங்குகிற மாதிரி வந்துவிட்டது. இவர் காது நன்றாகக் கேட்கும். ஆட்டோவில் வரும்போது நான் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், திட்டுவார் என்று. பல்லாவரம் மேம்பாலம் ஏறும்போது சொன்னார், "நல்ல ஆளப் புடிச்சேன். நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்ற." கோபமாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுபடியும் ஆட்டுகிறது. முன்னால் மேகம் மாவு கரைத்து ஊற்றின மாதிரி வருகிறது, உள்ளே போனதும் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை, எது மேல் எது கீழ் என்று கண்ணுக்குத் தெரியாதபோது நடுவில் இருக்கிற நீலமும் பழுப்புமான வட்டத்தை மட்டும் நம்ப வேண்டும், நீலம் வானம், பழுப்பு தரை. கை மறுபடியும் இறுகுகிறது. மூன்று நொடி. இதை நினைக்க மாட்டேன். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன், போன மாதம், பகல் பன்னிரண்டு மணி இருக்கும், அத்தை, இவருடைய அம்மா, தன்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். நாலாவது ஸ்பூன் புரையேறிவிட்டது. இருமக்கூட அவருக்குப் பலம் இல்லை, வாயைத் திறந்தபடி கண் மட்டும் பெரிசாகி என்னைப் பார்க்கிறது, முகம் கறுத்துக்கொண்டே வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், சாய்த்து முதுகில் தட்டி அந்த உறிஞ்சுகிற டியூபைப் போட வேண்டும், நூறு தடவை செய்திருக்கிறேன். கை எழுந்திருக்கவில்லை. ஸ்பூனைப் பிடித்தபடி மடியிலேயே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் எழுந்தது, அப்புறம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன், பிழைத்துவிட்டார், நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன். பயந்துபோய்க் கை மரத்துவிட்டது என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள் நினைக்கிறேன், மரத்துப்போகவில்லை, அந்த மூன்று நொடியில் எனக்குள்ளே ஏதோ ஒன்று படுத்துத் தூங்கப் போகிற மாதிரி சுகமாக இருந்தது. நாலு வருஷமாகத் தூங்காத உடம்பு, அது என்ன நினைக்கும் என்று எனக்கே தெரியாது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பார்த்தார், கண் அவ்வளவு பெரிசாக இருந்தது, எண்ணியிருப்பார். இப்போது நாலு மணிக்கு நான் வேண்டாம் என்று சொன்னால் அது யாருடைய வேண்டாம். அவர் சொல்லச் சொன்ன வேண்டாமா, மடியில் ஸ்பூனோடு கிடந்த அந்தக் கையினுடைய வேண்டாமா. இரண்டும் ஒரே மாதிரித்தான் காதில் விழும். போனில் கேட்கிற பெண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கே தெரியவில்லையே. சம்மதம் என்று சொன்னால் குழாய், மெஷின், கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி, பேசாத வாய், பத்து வருஷம், தன்ஷிகா பெரியவளாகிவிடுவாள், இவர் இதே நாற்காலியில் கண்ணை மட்டும் திறந்துகொண்டு. அதை அவர் வேண்டாம் என்கிறார். அவர் உயிர், அவர் சொல்கிறார். ஆனால் சொல்கிற வாய் என்னுடையது. கை என்னுடையது. "அம்சா." வட்டம் முழுக்கப் பழுப்பாக இருக்கிறது, மூக்கு கீழே போய்க்கொண்டிருக்கிறது, வேகம் முந்நூற்றைத் தாண்டுகிறது. இழுக்கிறேன். "மெதுவா. மெதுவாடி. கண்ணாடிப் பாத்திரம் மாதிரி." மெதுவாக வந்து நின்றது.

"ஆட்டோ பைலட்டப் போட்டுறட்டா?" என்றேன். ஒரு பட்டன்தான், நீலப் பொட்டு. நிஜப் பைலட்டுகளே இந்த மாதிரிக் காற்றில் அதைப் போட்டுவைப்பார்கள் என்று இவரே சொல்லியிருக்கிறார். "வேணாம்." மூச்சு. "அதப் போட்டா ஒன் கையும் வேணாம். என் வாயும் வேணாம்." மூச்சு. "அப்பறம் நாம எதுக்கு குந்திகினு கீறோம்." சிரிக்கப் பார்த்தார், அது இருமலாக மாறியது, நான் குச்சியை விட்டுவிட்டு அவர் மார்பைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்குடி அவன பேச உட்ற? அந்தப் பொட்டிய அணைச்சுட்டுப் படுக்க வையேன்." பால்வாடியிலிருந்து தன்ஷிகாவைக் கூட்டி வரப் போகிறாள். படி இறங்குமுன் திரும்பி நின்று, இவருக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, ஆனால் கேட்கும்படியே, "நாலு மணிக்குப் போன் வந்தா ஒழுங்கா பதில் சொல்லு. உசுரோட இருந்தாப் போதும் எனக்கு. பேசாட்டி இன்னா, கைக்கொழந்தையா இருந்தப்ப பேசாமத்தான இருந்தான், நான் வளக்கலியா ஒரு வருசம்?" என்றாள். போய்விட்டாள். அவர் கண் திரையில்தான் இருந்தது. "எங்கம்மாவுக்கு நான் கைப்புள்ளயாவே இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார், நாலு மூச்சில். அப்புறம், "எங்க, சொல்லிக் காட்டு. நான்தான் நர்சு." வேண்டாங்க என்றேன். "ஹலோ. லோகநாதன் வீடுங்களா. இன்னா முடிவு பண்ணிக்கீறீங்கோ." நர்சு அப்படியா பேசும், எனக்கு அழுகையோடு சிரிப்பு வந்தது. "சொல்லுமே." வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "கேக்கல. லைன் சரியில்ல." வேண்டாமாம் என்றேன். "கடைசில அந்த 'ஆம்' போடாத. நானே சொல்ற மாதிரி சொல்லு." வேணாம் சார், உட்ருங்க. சொல்லிவிட்டேன். இந்த அறையில், அவர் ஒருத்தருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அவ்ளோதான்" என்றார். "கஸ்டமா அது." என் கையைப் பார்த்தார். என் கை குச்சியில் வெள்ளையாக இருந்தது. "அம்சா, நீ நெனைக்கிறது தெரியும் எனக்கு." என்ன தெரியும். எதைத் தெரியும் என்கிறார். கஞ்சியைச் சொல்கிறாரா. நான் அவர் பக்கம் திரும்பவில்லை, வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீலம் பழுப்பு நீலம் பழுப்பு. தெரியும் என்றால் மன்னித்துவிட்டார் என்றா, இல்லை, அதனால்தான் வேண்டாம் என்கிறாரா, இவள் கை எழுந்திருக்கவில்லை, இவளுக்கு முடியவில்லை, போய்விடலாம் என்றா. அப்படியென்றால் அவருடைய வேண்டாமே அந்த மூன்று நொடியிலிருந்து வந்ததா. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் அவர் எப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரா, நினைத்துப் பார்க்கிறேன். தீபாவளிக்கு முன்னால் இந்தக் குழாய் மெஷினைப் பற்றி யாரோ சொன்னபோது, "வந்தா பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றுதான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுவிடலாம், ஏங்க அன்னிக்குக் கஞ்சி குடுக்கும்போது என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவரே சொல்லிவிடுவார். ஏங்க என்றேன். "ம்?" ஒண்ணும் இல்லைங்க என்றேன். மூன்று ஐம்பத்து மூன்று. மேகம் கிழிந்து கிழிந்து கடல் தெரிகிறது. "நாலு அஞ்சுக்கு எறக்க ஆரம்பிக்கணும்" என்றார். "நான் சொல்றப்ப."

போன் நாலு மணி தாண்டி இரண்டு நிமிஷம் கழித்துத்தான் அடித்தது. நான் குச்சியை விட்டு எழுந்தேன். விட்ட கை அப்படியே வளைந்து நின்றது, மற்ற கையால்தான் போனை எடுத்தேன். "பேஷண்ட் லோகநாதன் அட்டெண்டரா?" சின்னப் பெண் குரல், நர்சு, பின்னால் நிறையப் பேர் பேசுகிற இரைச்சல். ஆமாங்க சிஸ்டர். "நாளைக்குப் பெட் வெச்சிருக்காங்க, சார் கேக்கச் சொன்னாரு. ட்ரக்கியாஸ்டமிக்கு, அதான் கழுத்துல குழாய் வெக்கிறதுக்கு, ஒத்துக்குறாங்களா, இல்லியா?" அவர் அந்தப் பக்கம் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார், பார்க்காமலே தெரிந்தது எனக்கு, தோள் எலும்பு இரண்டும் மேலே ஏறும், மூக்குத் துளை விரியும், எல்லாவற்றையும் திரட்டி ஒரே மூச்சில் சொன்னார், இந்த ஆறு மாதத்தில் அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை, "வேணாம்னு சொல்லு!" நர்சு, "என்னம்மா சத்தம் பின்னாடி? கொழந்தையா?" என்றாள். டிவி என்றேன். "டிவி சிஸ்டர். ஒத்துக்கிட்டாரு. சம்மதம். நாளைக்குக் காலையில வந்துர்றோம்." தடுமாறாமல் சொன்னேன். வேறு யாரோ என் பின்னால் நின்று பேசுகிற மாதிரி இருந்தது, அவ்வளவு கணீரென்று. சத்தமாகப் பேசுடி பேசுடி என்று பிறந்ததிலிருந்து எல்லாரும் சொன்னார்களே, இதோ பேசிவிட்டேன். "ஆதார் ஒரிஜினல் எடுத்துக்கிட்டு எட்டு மணிக்குள்ள வந்துருங்க, காலையில ஒண்ணும் சாப்பிடக் குடுக்காதீங்க" என்றாள். சரிங்க சிஸ்டர். வைத்துவிட்டாள். நாளைக்கு அங்கேயும் கேட்பார்கள், அங்கேயும் அவர் ஏதாவது சொல்வார், அங்கேயும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். அப்போதும் இதையேதான் சொல்வேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சாக வேண்டும் என்று ஒருமுறை என் கை நினைத்தது, இனிமேல் எந்தக் காலத்திலும் அவர் சாவது என் சொல்லால் இருக்கக் கூடாது. அதற்காக அவரைப் பத்து வருஷம் அந்த மெஷினில் கட்டிப் போடுகிறேன். அவருக்காக இல்லை. எனக்காகத்தான். அதுவும் அவருக்குத் தெரியும்.

உட்கார்ந்தேன். குச்சியைப் பிடித்தேன். நான் இல்லாத இரண்டு நிமிஷத்தில் விமானம் கொஞ்சம் இடது பக்கம் திரும்பியிருந்தது, ஐம்பது அடி கூடியிருந்தது, அவ்வளவுதான். காற்று நின்றிருந்தது. ஏங்க என்றேன். திட்டுங்க என்று சொல்ல வந்தது, "எறக்கட்டுங்களா?" என்று கேட்டேன். நாலு அஞ்சு ஆகிவிட்டது. அவர் கண் திறந்திருந்தது, திரையைப் பார்த்தது, மூச்சு சரியாக வந்துகொண்டிருந்தது, தோள் ஏறவில்லை, பேசுவதற்காக மூச்சைச் சேர்க்கவே இல்லை. நாலு ஏழு. எந்த உயரத்துக்கு இறக்க வேண்டும், எத்தனைக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஒரு எண்ணும் எனக்குத் தெரியாது, எல்லாம் அவர் சொல்லத்தான் நான் செய்திருக்கிறேன், இருபது முப்பது தடவை இறக்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, கேட்டால் சொல்வார் என்று இருந்துவிட்டேன். சொல்லுங்க. எவ்ளோங்க வைக்கணும். என்னாங்க. குழாய் நாளைக்குத்தான் வைப்பார்கள், இன்றைக்கு ராத்திரி வரைக்கும் பேசலாம், தன்ஷிகா வருவாள், அவளிடம் ஏதாவது சொல்லலாம், என்னை நாலு வார்த்தை கேட்கலாம், அவ்வளவு நேரம் இருக்கிறது, பேசுங்களேன். வாயைத் துடைத்துவிட்டேன். உதடு மூடியிருந்தது. கண்ணைத் தவிர்த்தால் அவராக மூட முடிகிற ஒன்று அதுதான், அதை மூடிக்கொண்டார். தூரத்தில் மேகத்துக்கு அடியில் பச்சையாகத் தீவு வந்தது, ஓரத்தில் வெள்ளை நுரை, நடுவில் நகத்தால் கீறின மாதிரி ஓடுபாதை. எங்களுக்கு நேர் கீழே, முப்பத்தையாயிரம் அடிக்குக் கீழே, அது மெதுவாக நகர்ந்து திரையின் அடி விளிம்புக்குள் போனது. அதற்கப்புறம் கடல். படியில் தன்ஷிகா பாடிக்கொண்டே ஏறி வருகிற சத்தம் கேட்டது. நான் மூக்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.